நம் கிளைக்கு ஓர் அகப்பக்கம் அமைப்போம்



பாடத்தைத் தொடங்கும் முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளை, பள்ளி விடுமுறையில் மூன்று நாள் பண்பாட்டு முகாம் ஏற்பாடு செய்திருந்தது. மண்டபம் கிடைக்காததால் தேதி ஒரு வாரம் தள்ளிப் போனது. புலனக் குழுவில் உடனே அறிவித்துவிட்டோம். ஆனால் கிளையின் அகப்பக்கத்தில் பழைய தேதியே இருந்தது. அதை மாற்றத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கோ அந்த வாரம் பல்கலைக்கழகத் தேர்வு. கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

பழைய தேதியில் ஒரு குடும்பம் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, இரண்டு பிள்ளைகளோடு, பையும் பாயுமாகக் கோயில் மண்டப வாசலில் நின்றிருக்கிறது. அவர்கள் புதியவர்கள், புலனக் குழுவில் இல்லை. அகப்பக்கத்தை மட்டும் பார்த்து வந்தவர்கள். குருக்கள்தான் எங்கள் செயலாளர் அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா போய் மன்னிப்புக் கேட்டு, அவர்களைச் சாப்பிட வைத்து அனுப்பினார். அடுத்த வாரம் முகாமுக்கு அவர்கள் வரவில்லை.

ஏன் என்னால் மட்டுமே மாற்ற முடிந்தது? ஏனென்றால் அந்த அகப்பக்கம் முழுவதையும் நான் கையாலேயே எச்டிஎம்எல் எழுதிக் கட்டியிருந்தேன். முதலாண்டு பொறியியல் மாணவனின் பெருமை! தேர்வு முடிந்து வந்ததும் அக்கா கோபப்படாமல் சொன்னார்: "தம்பி, நீ கட்டினது அழகாத்தான் இருக்கு. ஆனா நாங்க உள்ளே போக ஒரு வாசல் வைக்கலையே."

அந்த வாசலுக்குப் பெயர்தான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. சுருக்கமாக சி.எம்.எஸ். அதைக் கொண்டு எங்கள் அகப்பக்கத்தை மறுபடி அமைத்தோம். நீங்களும் உங்கள் கிளைக்கு எப்படி அமைக்கலாம் என்பதுதான் இந்தப் பாடம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சி.எம்.எஸ். என்றால் என்ன?

கோயிலில் மூலவர் மாறுவதில்லை. அலங்காரம் மட்டும் மாறுகிறது. இன்று சந்தனக்காப்பு, நாளை வெள்ளிக் கவசம். சி.எம்.எஸ்.ஸும் அப்படித்தான். நீங்கள் எழுதும் செய்தி ஓர் இடத்தில் பத்திரமாக இருக்கும். அதன் தோற்றம் தனியாக இருக்கும். தோற்றத்தை மாற்றினாலும் செய்தி அழியாது.

கொஞ்சம் தொழில்நுட்பமாகச் சொன்னால், உங்கள் கட்டுரைகள் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. யாராவது பக்கத்தைத் திறந்தால், பிஎச்பி என்ற மொழியில் எழுதிய நிரல் அந்தக் கட்டுரையை எடுத்து, தோற்றத்துக்கான அச்சில் வார்த்து அனுப்புகிறது. ஆகவே தேதியை மாற்ற நிரலைத் தொட வேண்டாம். உள்ளே நுழைந்து, தேதியைத் திருத்தி, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

இந்த வகையில் துருபல் 2001இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003இல், ஜூம்லா 2005இல். மூன்றும் இலவசம், மூன்றும் திறமூல மென்பொருள்கள். புதியவர்களுக்கு நான் வேர்ட்பிரஸைப் பரிந்துரைக்கிறேன். அதைக் கற்றுக்கொள்வது எளிது. மேலும், நாளை நீங்கள் வேலைக்குப் போய்விட்டால், அதைத் தெரிந்த இன்னொருவரைக் கண்டுபிடிப்பதும் எளிது.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுவோம். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது, ஒரு நிறுவனம் தன் சர்வரில் உங்களுக்கு இடம் கொடுக்கும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது, அந்த மென்பொருளை இறக்கி நாமே நிறுவிக்கொள்ளும் இடம். இந்தப் பாடம் இரண்டாவதைப் பற்றியது.

படி 1: முதலில் தாள், பிறகு கணினி

மடிக்கணினியை மூடி வையுங்கள். ஒரு தாளில், கிளையைப் பற்றிப் பிறர் உங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளை எழுதுங்கள். "சமய வகுப்பு எந்தக் கிழமை?" "எங்கே நடக்கிறது?" "யாரைத் தொடர்பு கொள்வது?" "அடுத்த முகாம் எப்போது?" இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான் உங்கள் அகப்பக்கம். எங்களுக்கு ஐந்து பக்கங்களே தேவைப்பட்டன: முகப்பு, எங்களைப் பற்றி, வகுப்புகள், நிகழ்ச்சிகள், தொடர்புக்கு.

படி 2: வீட்டுக் கணினியில் பயிற்சி

காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன், சொந்தக் கணினியிலேயே பழகிக்கொள்ளலாம். அதற்கு எக்ஸாம்ப் என்ற இலவச மென்பொருள் உண்டு. ஒரு சர்வருக்குத் தேவையான அப்பாச்சி, தரவுத்தளம், பிஎச்பி மூன்றையும் ஒரே தடவையில் நிறுவிவிடும்.

(அ) எக்ஸாம்பை நிறுவி, அதன் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டுக்கும் எதிரே உள்ள 'ஸ்டார்ட்' பொத்தானை அமுக்குங்கள். பச்சை நிறம் வந்தால் சரி. அப்பாச்சி கிளம்ப மறுத்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வேறொரு மென்பொருள் 80ஆம் எண் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

(ஆ) பிரௌசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஆங்கில எழுத்தில் தட்டி, சாய்கோடு போட்டு, 'பிஎச்பிமைஅட்மின்' என்று சேருங்கள். அங்கே புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்குங்கள். எழுத்துவகை கேட்கும் இடத்தில் 'யூடிஎஃப்8எம்பி4' என்று தொடங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதில் கவனம் தேவை. பழைய எழுத்துவகை ஏதாவது அமைந்துவிட்டால், சேமித்த தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும்.

(இ) வேர்ட்பிரஸை இறக்கி, சுருக்கிய கோப்பை விரித்து, கிடைக்கும் கோப்புறையை எக்ஸாம்புக்குள் இருக்கும் 'எச்டிடாக்ஸ்' என்ற கோப்புறையில் போடுங்கள். அதற்கு 'கிளை' என்று ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றுங்கள்.

(ஈ) இப்போது பிரௌசரில் 'லோக்கல்ஹோஸ்ட்', சாய்கோடு, 'கிளை' என்று தட்டினால் வேர்ட்பிரஸ் உங்களை வரவேற்கும். தரவுத்தளத்தின் பெயரைக் கேட்கும், நீங்கள் வைத்த பெயரைக் கொடுங்கள். பயனர் பெயர் 'ரூட்', கடவுச்சொல் காலி. இந்தக் காலிக் கடவுச்சொல் வீட்டுப் பயிற்சிக்கு மட்டும்தான், உண்மையான சர்வரில் ஒருபோதும் கூடாது. அடுத்து, தளத்தின் பெயரையும் உங்கள் பயனர் பெயரையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

இங்கே எதை உடைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. உடைத்துப் பாருங்கள், அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். நான் நான்கு தடவை நிறுவினேன். நான்காவது தடவை ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

படி 3: பெயரும் இடமும்

பழகியாயிற்று, இனி உலகத்துக்குக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு வேண்டும். ஒன்று டொமைன், அதாவது அகப்பக்கத்தின் பெயர். இன்னொன்று ஹோஸ்டிங், அதாவது கோப்புகள் குடியிருக்கும் இடம். டொமைன் என்பது வீட்டு முகவரி, ஹோஸ்டிங் என்பது வீடு. இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வாங்கலாம். வாங்கிய பின் முகவரியை வீட்டோடு இணைக்க வேண்டும். அந்த இணைப்பு எல்லா இடங்களிலும் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். உடனே தெரியவில்லை என்று பதற வேண்டாம்.

மலேசியாவில் .எம்ஒய் என்று முடியும் பெயர்களை மைநிக் நிர்வகிக்கிறது. அதில் பதிவு பெற்ற அமைப்புகளுக்கென .ஆர்க்.எம்ஒய் என்ற பிரிவு உண்டு, அதற்குப் பதிவு ஆவணம் தேவைப்படும். உங்கள் கிளைக்குத் தனிப் பதிவு இல்லையென்றால், முதலில் தலைமையகத்தைக் கேளுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு டொமைன் இருந்தால், அதன் கீழேயே உங்கள் கிளைக்கு ஒரு பெயரைத் தனிச் செலவில்லாமல் உருவாக்கித் தர முடியும்.

ஹோஸ்டிங் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் இருக்கிறதா? எச்டிடிபிஎஸ் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகக் கிடைக்குமா? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். முதல் ஆண்டுக்குக் கழிவு கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பது இந்தத் துறையில் சகஜம். பொருளாளரிடம் இரண்டாம் ஆண்டுக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

படி 4: நுழைந்ததும் சரி செய்ய வேண்டியவை

நேரம்: வேர்ட்பிரஸ் பொதுவாக உலகப் பொது நேரத்தில் அமைந்திருக்கும். நாம் அதைவிட 8 மணி நேரம் முந்தியிருக்கிறோம். தைப்பூச அறிவிப்பு காலை 6 மணிக்கு வரட்டும் என்று அமைத்துவிட்டுத் தூங்கினால், அது பிற்பகல் 2 மணிக்குத்தான் வரும். 'செட்டிங்ஸ்' பகுதியில் கோலாலம்பூர் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முகவரி அமைப்பு: 'பெர்மாலிங்க்ஸ்' பகுதியில் கட்டுரைத் தலைப்பு முகவரியில் வரும்படி மாற்றுங்கள். இதை முதல் நாளே செய்யுங்கள். பிறகு மாற்றினால், நீங்கள் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் உடையக்கூடும்.

பயனர் பெயர்: 'அட்மின்' என்று வைக்காதீர்கள். திருட முயல்பவர்கள் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

படி 5: பக்கமா, பதிவா?

வேர்ட்பிரஸில் எழுத இரண்டு வகை உண்டு. 'பேஜ்' என்பது நிலையானது: எங்களைப் பற்றி, தொடர்புக்கு போன்றவை. 'போஸ்ட்' என்பது தேதியோடு வருவது: நிகழ்ச்சி அறிவிப்பு, முகாம் அறிக்கை போன்றவை. புதியது வரும்போது பழையது கீழே போய்விடும். இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

தோற்றத்துக்கு 'தீம்' என்று பெயர். இலவசத் தீம்கள் நிறைய இருக்கின்றன. தேர்ந்தெடுக்கும் முன் கைப்பேசியில் திறந்து பாருங்கள், ஏனென்றால் நம் ஆட்கள் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். கூடுதல் வசதிகளுக்கு 'பிளக்இன்' என்று பெயர். படிவம், நாள்காட்டி, காப்புப்பிரதி எல்லாவற்றுக்கும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பிளக்இன்னும் யாரோ எழுதிய நிரல். கவனிப்பாரற்ற பழைய பிளக்இன் ஒன்று போதும், தளத்துக்குள் ஆள் புகுந்துவிடலாம். தேவையானதை மட்டும் வையுங்கள். கட்டணத் தீம்களை 'ஓசியில்' தரும் தளங்களின் பக்கம் போகவே போகாதீர்கள்.

படங்களைச் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். கைப்பேசிப் படம் ஒன்று பல எம்பி இருக்கும். அதை அப்படியே இருபது படம் போட்டால், தோட்டத்தில் இணைய வேகம் குறைவாக உள்ள வீட்டில் பக்கம் திறக்கவே திறக்காது.

படி 6: தமிழுக்கென்று சில கவனங்கள்

மற்ற பாடங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். நாமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளையின் பழைய கட்டுரைகள் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம். அவற்றை ஒட்டினால் புரியாத குறிகளாக விழும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பின் யாராவது ஒருவர் முழுக்கப் படித்துப் பிழை திருத்த வேண்டும். புதிதாகத் தட்டச்சு செய்பவர்களுக்குக் கவலை இல்லை. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் கணினிக்கு முரசு அஞ்சலையும் கைப்பேசிக்குச் செல்லினத்தையும் உருவாக்கித் தந்திருக்கிறார்.

அடுத்தது, முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீத அடையாளங்களோடு 9 குறிகளாக மாறுகிறது. புள்ளி, துணைக்குறி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'தைப்பூசம்' என்ற ஒரே சொல் 81 குறிகள் ஆகிவிடும்! முகவரியின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் கொடுப்பது 200 குறிகள்தான். நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். புலனத்தில் பகிர்ந்தால் நான்கு வரிக்குச் சதவீதக் குறிகள் ஓடுவதையும் பார்க்கலாம். ஆகவே தலைப்பைத் தமிழில் எழுதுங்கள், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சிறியதாக மாற்றுங்கள். கட்டுரைக்குப் பக்கத்திலேயே அதற்கான இடம் இருக்கிறது.

படி 7: சாவி யாரிடம்?

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

கோயில் உண்டியல் சாவியை ஒருவர் கையில் மட்டும் கொடுப்பதில்லை. அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல, அவர் வர முடியாத நாளிலும் வேலை நடக்க வேண்டும், கணக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதால். அகப்பக்கத்துக்கும் அதே முறைதான்.

வேர்ட்பிரஸில் பொறுப்புகள் உண்டு. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' எல்லாம் செய்யலாம். 'எடிட்டர்' எல்லாருடைய கட்டுரைகளையும் திருத்தி வெளியிடலாம். 'ஆதர்' தன் கட்டுரையை மட்டும் வெளியிடலாம். 'கான்ட்ரிபியூட்டர்' எழுதலாம், ஆனால் வெளியிட முடியாது. எங்கள் கிளையில் இரண்டு அட்மினிஸ்ட்ரேட்டர்கள், மூன்று எடிட்டர்கள். எழுத ஆசைப்படும் பள்ளி மாணவர்கள் கான்ட்ரிபியூட்டர்கள். யாரும் யாருடைய கடவுச்சொல்லையும் கடன் வாங்குவதில்லை.

முகாம் சம்பவத்துக்குப் பிறகு இன்னொன்றும் தெரிய வந்தது. டொமைனை நான் என் சொந்த மின்னஞ்சலில் வாங்கியிருந்தேன். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் எனக்கு மட்டும்தான் வரும். நான் படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய் அந்த மின்னஞ்சலை மறந்தால், பெயர் காலாவதியாகி யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம். கிளையின் பெயர் என் பாக்கெட்டில் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல். எனக்கே உறைக்கவில்லை.

இப்போது கிளைக்கென்று தனி மின்னஞ்சல் இருக்கிறது. டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் அதில்தான். புதுப்பிக்கும் தேதி பொருளாளரின் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும்போது, வங்கிக் கணக்கை ஒப்படைப்பது போலவே இதையும் ஒப்படைக்கிறோம். பழையவர்களின் கணக்கு மூடப்படும், கடவுச்சொற்கள் மாற்றப்படும்.

படி 8: பராமரிப்பு

வேர்ட்பிரஸ், தீம், பிளக்இன் மூன்றுக்கும் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப் போடாதீர்கள். அதற்கு முன் காப்புப்பிரதி எடுங்கள். இரண்டையும் எடுக்க வேண்டும்: தரவுத்தளம், 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறை. முதலாவதில் எழுத்துகள், இரண்டாவதில் படங்களும் தீமும். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதித் தளம்தான் திரும்பி வரும். அந்தப் பிரதியை அதே சர்வரில் வைக்காதீர்கள். வீடு எரிந்தால் உள்ளே இருந்த உதிரிச் சாவியும் எரிந்துவிடும்.

கடைசியாக, முகாம் பதிவுப் பட்டியலை அகப்பக்கத்தில் ஏற்றாதீர்கள். பிள்ளைகளின் அடையாள அட்டை எண், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் பொதுவில் இருக்கக் கூடாதவை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்

இந்த வாரம் படி 1, படி 2 மட்டும் செய்யுங்கள். ஐந்து பக்கங்களைத் தாளில் எழுதி, சொந்தக் கணினியில் அமைத்துப் பாருங்கள். பிறகு கணினியே பிடிக்காத ஒரு நண்பரையோ தங்கையையோ உட்கார வைத்து, "சமய வகுப்பு நேரத்தை மாற்று" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது! அவர் தானாக மாற்றிவிட்டால் உங்கள் அகப்பக்கம் தேறிவிட்டது. முடியவில்லை என்றால் தவறு அவருடையது அல்ல, அமைத்தவருடையது.

சென்ற மாதம் எங்கள் திருமுறை வகுப்பு திடீரென்று வேறு நாளுக்கு மாறியது. நான் அப்போது ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். மாலையில் வெளியே வந்து, பதறிப் போய் அகப்பக்கத்தைத் திறந்தேன். புதிய நாள் ஏற்கெனவே இருந்தது. ஐந்தாம் படிவம் படிக்கும் எங்கள் தங்கை ஒருத்தி பள்ளி முடிந்ததும் மாற்றியிருக்கிறாள். எனக்கு யாரும் போன் கூடப் பண்ணவில்லை. கையால் எழுதிய அந்த முதல் அகப்பக்கத்தைப் பார்த்தபோது கூட இவ்வளவு மகிழ்ச்சி எனக்கு வந்ததில்லை.